துயருற்ற மேஜை, தூசி படிந்த ரோஜா

எங்கள் வீட்டுவசதிக் கழகத்தின் தலைவர் குடிநீர்க் குழாய்களைப் பற்றித் தெரிந்துகொண்டு வர வெளிநாடு போனார். பதினோரு நாள் கழித்துக் காதலைப் பற்றித் தெரிந்துகொண்டு திரும்பி வந்தார்.

போன இடத்தில் அவரை ஏதோ ஒரு கிராமத்து விடுதியில் தங்கவைத்திருக்கிறார்கள். அங்கே மேஜைமேல் கிடந்த வீட்டு அலங்காரப் புத்தகம் ஒன்றை அவர் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. கழகத்தின் மொழிபெயர்ப்புப் பிரிவு பல வருஷமாக வேலையில்லாமல் ஈ ஓட்டிக்கொண்டிருந்த பிரிவு. கிடைத்ததே வாய்ப்பு என்று அகராதியும் கையுமாக உட்கார்ந்து மூன்றே நாளில் முடித்துக் கொடுத்துவிட்டார்கள். நான்காம் நாள் சுற்றறிக்கை எங்கள் கதவுக்கு அடியில் கிடந்தது.

நான் ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பவன். அறிவிப்பு, நோட்டீஸ், படிவம் எது வந்தாலும் மண்டையை ஆட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போகிற ரகம். என் மனைவி அப்படியில்லை. அவள் எதையும் கழற்றிப் பார்ப்பாள். அதுதான் அவள் தொழிலும். மிக்ஸி, ஃபேன், அயர்ன் பாக்ஸ் என்று எது மூச்சை நிறுத்தினாலும் இந்தக் கட்டடத்தின் இருநூற்று நாற்பது வீட்டுக்காரர்களும் அதைத் தூக்கிக்கொண்டு எங்கள் மூன்றாம் மாடிக்குத்தான் வருவார்கள். கூடத்து ஜன்னலை ஒட்டி அவளுடைய பட்டறை மேஜை இருக்கிறது. கழகம் கட்டிய வீட்டில் உருப்படியாக வெளிச்சம் வருகிற இடம் அது ஒன்றுதான்.

“படிங்க, கேக்கலாம்” என்றாள், ஒரு மோட்டாரின் வயிற்றைப் பிரித்தபடி.

படித்தேன். ‘வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க விரும்பும் குடியிருப்போர் அனைவரும் தத்தம் இல்லத்தின் உட்புறத்தைக் காதல் ததும்பும் பிரெஞ்சு நாட்டுப்புறப் பாணியில் மாற்றியமைத்தல் வேண்டும். சுவர்கள் தூசி படிந்த ரோஜாவாக இருத்தல் வேண்டும். மரச்சாமான்கள் துயருற்றவையாக இருத்தல் வேண்டும். சமையலறையில் ஒரு சேவல் இருத்தல் வேண்டும்.’

“யாருக்குக் காதல்?”

“போடல. பொதுவாத்தான் போட்டிருக்கு.”

“மேஜை நாற்காலிக்கு எதுக்குத் துயரம்?”

“காதல் இருக்கிற வீட்டுல அதெல்லாம் இருக்கும்போல” என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மோட்டாருக்குத் திரும்பினாள்.

அடுத்த வாரமே உள்ளழகு அலுவலர் வந்துவிட்டார். கையில் எப்போதும் ஓர் அளவு டேப் வைத்திருப்பார். பேசும்போது அதை இழுப்பார், பேசி முடித்ததும் விடுவார், அது ‘சடக்’கென்று உள்ளே போகும். கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் பெயர் டேப்.

“நாங்க சட்டம் போடற ஆளுங்க இல்ல சார், அழகு போடற ஆளுங்க. சட்டத்தை மீறினா அபராதத்தோட போச்சு. அழகை மீறினா வீட்டைக் காலி பண்ணணும். அவ்வளவுதான் வித்தியாசம்” என்றார். சடக்.

கூடத்தைச் சுற்றி வந்து பட்டறை மேஜை முன்னால் நின்றார். ஒரு ஸ்க்ரூடிரைவரை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

“இது பிரெஞ்சா?”

“இல்லீங்க, கடைத்தெருல வாங்கினது” என்றாள் என் மனைவி.

“பார்த்தீங்களா, நீங்களே ஒத்துக்கிறீங்க. மேஜை இங்க இருக்கக்கூடாதும்மா. ஜன்னலோரம் ஒரு லேவண்டர் தொட்டி வரணும். தொட்டிக்குப் பக்கத்துல ஒரு நாற்காலி. நாற்காலியில ஒரு பெண்மணி உட்கார்ந்து வெளிய பார்த்துட்டு இருக்கணும். புஸ்தகத்துல படமே இருக்கு.”

“எந்தப் பெண்மணி?”

“நீங்கதாம்மா. வேற யாரையாவது கொண்டாந்தா தப்பாயிடாதா?”

“எவ்வளவு நேரம் பார்க்கணும்?”

டேப் சுற்றறிக்கையைப் புரட்டினார். “நேரம் குறிப்பிடல. அப்ப எப்பவும்னு அர்த்தம்.”

“அந்த வெளிச்சம் இல்லேன்னா எனக்கு வேலையே இல்ல சார். முடி மாதிரிக் கம்பியை ஈயம் வெச்சு ஒட்டறேன். சமையலறையில உட்கார்ந்தா கம்பி எது, என் விரல் எதுன்னு தெரியாது.”

“வேலையெல்லாம் வீட்டுக்குள்ள எதுக்கும்மா? வீடுன்னா காதலுக்குத்தான். தலைவர் தெளிவா சொல்லிட்டாரு” என்றார் டேப். நான் பழக்கதோஷத்தில் மண்டையை ஆட்டிவைத்தேன். தலைவரே நேரில் வந்து பார்க்கப்போகிற தலைமை ஆய்வுக்கு முந்தின நாள்வரை மேஜைக்குக் கெடு கிடைத்தது. மண்டையை ஆட்டியதற்கு அன்று முழுக்க அவள் என்னோடு பேசவில்லை, எனக்கு வேண்டியதுதான்.

முதலில் சாப்பாட்டு மேஜையில்தான் தொல்லை ஆரம்பமாயிற்று. எங்களிடம் இருந்தது முப்பது வருஷத்து மேஜை. விளிம்பெல்லாம் தேய்ந்து, சுடுபாத்திரம் வைத்த வட்டங்களோடு, பார்க்கவே பாவமாக இருக்கும். இதைவிடத் துயரமான மேஜை ஊரிலேயே கிடையாது என்று தைரியமாக இருந்தேன். டேப் தடவிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“இது நிஜமாவே பழசு.”

“பழசுதானே சார் கேட்டீங்க?”

“பழசு மாதிரி கேட்டோம். இது தானா அடிபட்டிருக்கு. அனுமதி வாங்காம, மேற்பார்வை இல்லாம முப்பது வருஷம் அடிபட்டிருக்கு. இதை எப்படி சார் பதிவு பண்றது?”

பழைய மேஜை அடித்தளக் கிடங்குக்குப் போயிற்று. கழகம் அங்கீகரித்த தச்சர் ஒருவர் பளபளவென்று புது மேஜை ஒன்றைக் கொண்டுவந்து மாடிப்படி முற்றத்தில் வைத்தார். பிறகு பையிலிருந்து சைக்கிள் செயினை எடுத்து அதை விளாச ஆரம்பித்தார். நான் பதறிப்போய் ஓடினேன்.

“அண்ணே, என்ன பண்றீங்க?”

“துயரப்படுத்தறேன் தம்பி” என்றார் அவர், மூச்சு வாங்க. “இங்கிலீஷ் புஸ்தகத்துல டிஸ்ட்ரெஸ்டுனு போட்டிருக்கும். புதுசை லேசாத் தேய்ச்சுப் பழசாக் காட்டறது, அவ்வளவுதான். உங்க ஆளுங்க அகராதியைப் பார்த்துத் துயரம்னு எழுதிட்டாங்க. சொன்னாக் கேட்டாத்தானே? தள்ளி நில்லுங்க, இந்தப் பக்கம் இன்னும் சந்தோஷமாவே இருக்கு.”

டேப் வந்து பார்த்தார். “லேசான வருத்தம்தான் தெரியுது. துயரம் பத்தாது” என்றார். தச்சர் மறுபடியும் விளாசினார். ஒரு கால் முறிந்து மேஜை சாய்ந்தது. டேப்பின் முகம் மலர்ந்துவிட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் சாப்பாடு.

பிறகு சுவர். ரோஜா நிறம் அடித்துக் காயவைத்து டேப்பைக் கூப்பிட்டால் அவர் விரலால் சுவரைத் தேய்த்து, விரலை வெளிச்சத்தில் காட்டினார். சுத்தமாக இருந்தது.

“ரோஜா இருக்கு. தூசி எங்க?”

“அது கலரோட பேரா இருக்கும் சார். டஸ்டி ரோஸுன்னு பெயின்ட் கடையிலயே சொல்றாங்க” என்றாள் என் மனைவி.

“பெயின்ட் கடைக்காரர் சுற்றறிக்கை போடறாரா, நாங்க போடறமா? தினமும் துடைக்கிறீங்களா?”

“ஆமாங்க.”

டேப் அதைக் குறித்துக்கொண்டார். ‘குடியிருப்பவர் தினந்தோறும் துடைக்கும் வழக்கமுடையவர். எச்சரிக்கப்பட்டார்.’ ஒரு வாரம் நான் கடையிலிருந்து லென்ஸ் தேய்த்த தூளை டப்பாவில் கொண்டுவந்து சுவரில் ஊதினேன். டேப் அதை முகர்ந்துகூடப் பார்த்தார். “நல்ல தரமான தூசி. மத்த வீடுகளுக்கும் சொல்லி அனுப்பறேன்” என்றார். எனக்கு வெட்கங்கெட்ட பெருமை ஒன்று வந்ததையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சேவல் சங்கதியை நினைத்தால் இன்றும் காது வலிக்கிறது. சமையலறையில் சேவல் இருக்க வேண்டும் என்றார்கள். இருநூற்று நாற்பது வீட்டிலும் உயிருள்ள சேவலைக் கொண்டுவந்து கட்டினோம். விடியும்போது ஒன்று கூவும். பக்கத்து வீட்டுச் சேவலுக்கு ரோஷம் வரும். ஐந்து நிமிஷத்தில் கட்டடமே அதிரும். பத்தொன்பது நாள் கழித்து, ‘சேவல் என்பதைப் பீங்கான் சேவல் பொம்மை எனத் திருத்திப் படிக்கவும்’ என்று திருத்த அறிக்கை வந்தது. அதற்குள் எதிர்வீட்டு அண்ணன் அவர் சேவலுக்குப் பேர் வைத்துவிட்டார். பிரியும்போது கண் கலங்கினார். காதல் ஆய்வில் அவருக்கு அதற்காக ஆறு மதிப்பெண் கூடுதலாகக் கொடுத்தார்கள் என்று கேள்வி.

ஆமாம், காதல் ஆய்வு. அதற்கென்று கழகத்தில் தனிப் பிரிவே திறந்துவிட்டார்கள். எங்களுக்கு வந்தவர் ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கிற ஒரு எழுத்தர். ஒல்லியான மனிதர், தோளில் பை, முப்பத்திரண்டு கேள்விகள் கொண்ட படிவம். எங்கள் இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்தார்.

“ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிறீங்க?”

“எதைத் தேடும்போது?” என்றாள் என் மனைவி.

“எதையும் தேடாம. சும்மா.”

“சும்மா பார்த்துட்டிருந்தா மிக்ஸியை யாரு பார்ப்பா?”

எழுத்தர் ஒரு கோடு போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். “உங்ககிட்ட இவங்க கடைசியா காதலோட பேசினது?”

“காலையில, குடை எடுத்துட்டுப் போங்கன்னு சொன்னா.”

“அது வானிலை.”

“மத்தியானம் போன்ல, சாப்பிட்டீங்களான்னு கேட்டா.”

“அது உணவு. வேற?”

“நேத்து, செருப்பு பிஞ்சிருக்கு, அதோட நடக்காதீங்க, கால்ல குத்திடும்னா.”

எழுத்தர் படிவத்தை மேலும் கீழும் தேடினார். “காலணிக்குத் தனியாக் கட்டம் இல்ல. இதர வகையில போட்டுக்கிறேன்.”

தேநீர் கொடுத்தோம். பாவம், மனிதருக்கும் மனசில் என்னவோ இருந்தது. “எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் சார். இந்தப் பிரிவுக்கு மாத்தினதுலேர்ந்து வீட்டுக்குப் போகவே நேரமில்ல. ஞாயித்துக்கிழமைகூட அடுத்தவங்க காதலை எண்ணிட்டிருக்கேன். என் சம்சாரம் பேச்சையே நிறுத்திட்டா. ஒரு விதத்துல நல்லதுதான், பேசினாத்தானே மதிப்பெண் கழியும்” என்றார். பிறகு கப்பைக் கீழே வைத்துவிட்டு, “கடைசியில தலைவர் முன்னாடி நீங்களே உங்க கைப்பட உறுதிமொழி எழுதணும். ‘இவ்வீட்டில் காதல்’னு அச்சடிச்சிருக்கும், பக்கத்துல ‘உள்ளது’னு எழுதினாப் போதும். எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்க” என்றார்.

கெடு வந்தது. தலைமை ஆய்வுக்கு முந்தின நாள் கழகத்தின் ஆட்கள் நான்கு பேர் பட்டறை மேஜையைத் தூக்கிக்கொண்டு போய்க் கிடங்கில் போட்டார்கள். அந்த இடத்தில் பிளாஸ்டிக் லேவண்டர் தொட்டியும் செயினால் அடிபட்ட நாற்காலியும் வந்தன.

நான் மாலையில் வீடு திரும்பியபோது அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் கை இரண்டும் சும்மா கிடந்தன. இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் கைகள் சும்மா கிடந்து நான் பார்த்ததில்லை.

“என்ன பண்றே?”

“வெளிய பார்த்துட்டிருக்கேன். அப்படித்தானே போட்டிருக்கு.”

“யாராவது வந்தாங்களா?”

“ஏழெட்டுப் பேர். ஃபேனைத் தூக்கிட்டு வந்தாங்க. இனிமே பார்க்கிறதில்லைன்னு சொல்லி அனுப்பிட்டேன்.” பிறகு, “ஒரு ஃபேன்ல சத்தத்தைக் கேட்டாலே தெரிஞ்சுது, பேரிங்தான். பத்து நிமிஷ வேலை” என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டேப்பின் மேல் எரிந்தது, தலைவரின் மேல் எரிந்தது, எல்லாவற்றுக்கும் ஆடிக்கொடுத்த என் மண்டையின் மேல் இன்னும் அதிகமாக எரிந்தது. ஆனால் வீடு போய்விட்டால் எங்கே போவது?

மறுநாள் தலைவர் வந்தார். பின்னால் டேப், எழுத்தர், புகைப்படக்காரர், இன்னும் எதற்கென்று தெரியாத ஆறு பேர். தலைவர் சாய்ந்த மேஜையின் மேல் கையை ஊன்றி, அது மேலும் சாய, கையை எடுத்துக்கொண்டு பேசத் தொடங்கினார்.

“குழாய்ல தண்ணி வரலேன்னு மனு கொடுக்கறாங்க. நான் கேக்கறேன், தண்ணி இன்னிக்கு வரும், நாளைக்குப் போகும். அழகு போகுமா? நான் அந்த நாட்டுல ஒரு கிராமத்துல தங்கினேன். எல்லாரும் சிரிச்ச முகமா இருந்தாங்க. என்ன காரணம்னு யோசிச்சேன். குழாயைத் திறந்தேன், தண்ணி வந்துச்சு. சரி, அது காரணம் இல்ல. ஜன்னலைப் பார்த்தேன், லேவண்டர்! அப்பதான் புரிஞ்சுது. இருநூத்தி நாப்பது வீடும் அச்சு அசலா ஒரே மாதிரி இருந்தாத்தான் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தனித்தன்மை வரும். இதுக்காக நான் பதினோரு நாள் தூக்கம் கெட்டிருக்கேன்.”

ஒன்பது பேரும் கைதட்டினார்கள். தலைவர் ஜன்னல் பக்கம் கனிவாகக் குனிந்தார்.

“எவ்வளவு ரம்மியமா இருக்கு! என்னம்மா பார்த்துட்டிருக்கீங்க?”

“தண்ணி லாரி வருதான்னு பார்க்கிறேங்க” என்றாள் அவள்.

தலைவர் சட்டென்று நிமிர்ந்து, “உறுதிமொழி எங்கய்யா?” என்றார்.

எழுத்தர் படிவத்தை நீட்டினார். ‘இவ்வீட்டில் காதல்’ என்று இருந்தது, பக்கத்தில் புள்ளி புள்ளியாகக் கோடு. பேனாவைத் திறந்தேன். எல்லாரும் எழுதுகிற வார்த்தைதான், எழுதிவிட்டால் வீடு நம்முடையது. நிமிர்ந்து பார்த்தேன். புகைப்படத்துக்காக அவளை இன்னும் கொஞ்சம் ஏக்கமாகப் பார்க்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவளும் முயன்றுகொண்டிருந்தாள்.

நான் ‘இல்லை’ என்று எழுதினேன்.

டேப்பின் டேப் தானாகவே உள்ளே போயிற்று. தலைவர் படிவத்தைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார். “என்ன இல்லை?”

“காதல்ங்க.”

“ஏன் இல்லை? நேத்துவரைக்கும் இருந்துச்சே, இதர வகையில குறிச்சிருக்கே!”

பேனாவை மூடி மேஜைமேல் வைத்தேன். “எனக்கு அந்தப் பட்டறை மேஜையில வேலை செய்யறவளைத்தாங்க தெரியும். இப்படி உட்கார்ந்து சும்மா ஜன்னலைப் பார்க்கிறவங்க யாருன்னே தெரியல. தெரியாதவங்க மேல காதல்னு எப்படிங்க கையெழுத்துப் போடறது? தப்பில்லையா?”

“ஒப்பந்தத்தை ரத்து பண்ணுங்க” என்றார் தலைவர்.

அப்போது எழுத்தர் தொண்டையைச் செருமினார். “ஆய்வுல இருக்குன்னு வந்திருக்கு, உறுதிமொழியில இல்லைன்னு வந்திருக்கு, அப்ப இது ஐயம்ங்க ஐயா” என்றார். பையிலிருந்து விதிப்புத்தகத்தை எடுத்து, எச்சில் தொட்டுப் பக்கம் தள்ளி, ஏற்ற இறக்கமில்லாத குரலில் வாசித்தார். “காதல் குறித்து ஐயம் எழுமாயின், ஐயம் முற்றிலும் தீரும்வரை, குடியிருப்போரை வெளியேற்றுதல் கூடாது. வீடும் அதிலுள்ள பொருள்களும் சுற்றறிக்கை நாளன்று இருந்த நிலையிலேயே தொடர்தல் வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறு ஆய்வு.”

“எந்த மடையன் எழுதினான் இதை?”

“உங்க கையெழுத்துதாங்க ஐயா.”

தலைவர் கையெழுத்தைப் பார்த்தார். “அப்ப நல்ல விதிதான்” என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

எல்லோரும் போன பிறகு என் மனைவி அந்தப் படிவத்தின் நகலை வாங்கிப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். “வீடு போயிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?”

“தெரியல.”

“இருபத்திரண்டு வருஷத்துல எனக்கு ஒரு வரி எழுதினதில்ல. முதல்முதலா எழுதினதே ‘இல்லை’னு!” என்றாள். அவள் திட்டுகிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் அன்றைக்குத் தேநீர் கேட்காமலே வந்தது.

விதி என்றால் விதி. தூக்கிக்கொண்டு போன அதே நான்கு பேர் மூன்று மாடி ஏறி, நாக்குத் தள்ள, பட்டறை மேஜையைப் பழைய இடத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். முப்பது வருஷத்துச் சாப்பாட்டு மேஜையும் திரும்பி வந்தது. சுவரில் தூசி இருக்கக்கூடாது என்று டேப்பே துணியோடு வந்து துடைத்துக் கொடுத்தார், முகத்தைப் பார்க்காமல். எதிர்வீட்டு அண்ணன் மட்டும் ஏக்கத்தோடு கேட்டார், “தம்பி, நாங்களும் இல்லைனு எழுதியிருக்கலாமோ?”

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஐயம் தீர்ந்துவிடக்கூடாது. எங்கள் வீட்டில் காதல் இருப்பதாக எந்த ஆய்விலாவது ருசுவாகிவிட்டால் மேஜை மறுபடியும் கிடங்குக்குப் போய்விடும், அவள் மறுபடியும் ஜன்னலைப் பார்க்க உட்கார வேண்டியதுதான். அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நாங்கள் ஜாக்கிரதையாக இருக்கிறோம்.

போன வாரம் இரண்டாவது மறு ஆய்வு. “பல்லைக் காட்டித் தொலைக்காதீங்க” என்று காலையிலேயே சொல்லிவிட்டாள். எழுத்தர் வந்து உட்கார்ந்தார். அவள் மேஜையில் யாருடைய அயர்ன் பாக்ஸையோ பிரித்துப் போட்டு, ஒரு கையில் கம்பியும் மறு கையில் ஈயம் உருக்கும் கோலுமாக இருந்தாள். நான் பக்கத்தில் உர்ரென்று நின்றேன்.

“காதல் ஏதாவது தென்பட்டுதாம்மா, இந்த ஆறு மாசத்துல?”

“துளிக்கூட இல்லீங்க” என்றாள் நிமிராமல்.

“உங்க பக்கம் சார்?”

“இல்லீங்க. சண்டைதான்” என்றேன்.

அவர் பேனாவை எடுத்தார். அவள் கம்பியின் நுனியில் கோலை வைத்தாள். நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை புருவத்தைத் தாண்டிக் கண்ணுக்கு இறங்கியது. இரண்டு கையும் அசைக்க முடியாத நிலை. நான் என்ன செய்கிறேன் என்று யோசிக்கக்கூட இல்லை. சட்டைப்பையிலிருந்து லென்ஸ் துடைக்கும் மெல்லிய துணியை எடுத்து அவள் நெற்றியை ஒற்றிவிட்டேன். அவளும் பழக்கத்தில் முகத்தை என் பக்கம் கொஞ்சம் சாய்த்துக் கொடுத்துவிட்டாள்.

பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. என் கை அவள் நெற்றியிலேயே நின்றுவிட்டது. எழுத்தர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மேஜை போயிற்று என்று நினைத்தேன்.

அவர் குனிந்து, நிதானமாக ‘இல்லை’ என்று எழுதினார். பேனாவை மூடிப் பையில் வைத்தார். வாசல்வரை போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

“கொஞ்சம் தள்ளி நின்னுக்கங்க சார். அடுத்த தடவை வேற யாரையாவது அனுப்பினாலும் அனுப்புவாங்க.”

நான் தள்ளி நின்றேன், அவர் படியிறங்கிப் போகும்வரை.